ஆணி எங்க வேணும்னாலும் குத்தும், நீங்க எங்க நிக்கிறீங்கன்றது தான் மேட்டர்

சிங்கப்பூர்ல ஈவி, அதாவது எலக்ட்ரிக் கார் வாங்கினதுல இருந்து பாக்குறவங்க எல்லாம் கேக்குறது ஒரே கேள்வி தான், "சார்ஜ் எங்க பண்றீங்க?" தேக்கா மார்க்கெட்ல மீன் வெட்டுற அண்ணன் கூட கேட்டுட்டாரு. அதுக்கு பதில் ரொம்ப சுலபம், நம்ம புளோக் கார் பார்க்குலயே சார்ஜர் இருக்கு, முடிஞ்சுது. யாருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, பின்பக்க பூட் கதவைத் திறந்தா ஸ்பேர் டயர் எங்க? கிடையாது. ஜாக்கும் கிடையாது, வீல் நட்டு கழட்டுற ஸ்பேனரும் கிடையாது. சில கம்பெனி ஒரு சின்ன கம்ப்ரஸரும் டயருக்குள்ள அடிச்சா ஓட்டையை அடைக்கிற சீலன்ட் ஒரு பாட்டிலும் தர்றாங்க, சிலர் அதையும் தனியா தான் வாங்கிக்க சொல்றாங்க.

சாதா பெட்ரோல் காருலயும் இப்ப ஸ்பேர் வர்றதில்லையேன்னு சொல்வீங்க, உண்மை தான். ஆனா வேகமான ஈவில பஞ்சர் ஆகுறது வேற கதை. என் காரு பேர் வேணாம், ரெண்டு மோட்டர், 20 இன்ச் ரிம், முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ், அது போதும். 2024ல வந்த டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் எடுத்துக்குங்க, முன்னாடி 235/35, பின்னாடி 275/30, 20 இன்ச் (முதல் நம்பர் டயரோட அகலம் மில்லிமீட்டர்ல, ரெண்டாவது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் சுவர் உயரம்னு). அந்த 275ல 30 சதவீதம்னா ரப்பர் சுவரோட உயரம் வெறும் 82 மில்லிமீட்டர் சொச்சம். அதே மாடல் 3ல சாதா வண்டிக்கு வர்ற 18 இன்ச்ல 235/45, அதுல 105 மில்லிமீட்டருக்கு மேல இருக்கு. இந்த 23 மில்லிமீட்டர் வித்தியாசம் தான் காத்து இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற மெத்தை. அதுக்கு மேல ஏறி உக்காந்திருக்கிற எடை வேற, மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் 1,850 கிலோ கிட்ட, ஹூண்டாய் ஐயோனிக் 5 என் (N) 2,200 கிலோ கிட்ட, போர்ஷ டைகான் டர்போ எஸ்ஸும் 2,200க்கு மேல. இவ்வளவு கனத்தையும் தூக்கிக்கிட்டு மூணு செகண்ட் சொச்சத்துல நூறு தொடணும்னா டயர் அகலமா இருந்தே ஆகணும், அகலம் கூடக்கூட ரோட்டுல கிடக்குற ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் நாமளே பெரிய வலை விரிச்சு வெச்ச மாதிரி தான்.

சரி இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. சிங்கப்பூருக்குன்னு ஒரு பிரச்னை இருக்கு பாருங்க, அதை யூடியூப்ல எந்த அமெரிக்காக்காரனும் சொல்ல மாட்டான், ஏன்னா அவன் வீட்டு வாசல்ல நிறுத்துறான். நாம நிறுத்துறது மல்டி ஸ்டோரி கார் பார்க்ல.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வெளிய கிளம்பலாம்னு போன்ல ஆப்பைத் திறந்து ஏசி போடப் போனேன், பின்னாடி இடது டயர்ல காத்தழுத்தம் 31 பிஎஸ்ஐனு காட்டுது, மத்தது எல்லாம் 41. வெயில் ஏறி இறங்கினா ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ மாறுறது சகஜம், பத்து டிகிரி ஏறினா ரெண்டு பிஎஸ்ஐ மாதிரி கூடும், ஆனா அப்படி மாறினா நாலும் சேர்ந்து மாறணும். ஒண்ணு மட்டும் இறங்குதுன்னா ஏதோ குத்தியிருக்குன்னு அர்த்தம். டார்ச் எடுத்துட்டு அஞ்சாவது டெக்குக்குப் போய்ப் பாத்தா டயரோட ரெண்டாவது பள்ளத்துல ஒரு ஸ்க்ரூ தலை பளபளன்னு. நார்த் சவுத் காரிடார்னு புது எக்ஸ்பிரஸ்வே வேலை நடக்குற பக்கமா தினமும் போறவங்களுக்கு இது தெரியும், 21.5 கிலோமீட்டருக்கு தோண்டிப் போட்டிருக்காங்க, டிப்பர் லோரி பின்னாடி போனா என்னென்னவோ விழும். இதுல மழைக்காலம்னா இன்னும் மோசம், நனைஞ்ச ரப்பரை ஆணி சுலபமா கிழிச்சிட்டுப் போகும், நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் டயர் கடைல கூட்டம் அள்ளுறது சும்மா இல்ல.

ஸ்க்ரூவைப் பிடுங்கல. அது தான் அந்த நேரத்துக்கு கார்க் மூடி, பிடுங்கினா அஞ்சு நிமிஷத்துல தரை தட்டிடும். இன்சூரன்ஸ்ல இருந்த ரோட் சைட் உதவி நம்பருக்கு அடிச்சேன், அவங்க வண்டி தூக்குற லோரிக்காரருக்கு மாத்தி விட்டாங்க, நம்ம மலேசியா ஜோகூர்த் தமிழர், தினமும் காலைல பாலம் தாண்டி வர்றவரு.

"அண்ணே, ரெண்டு மோட்டரா ஒரு மோட்டரா?"

"ரெண்டு."

"அப்ப இழுக்கும்போது நாலு டயரும் தரையில உருளக்கூடாது. எந்த ஃப்ளோர்ல நிக்கிறீங்க?"

"அஞ்சு."

"அஞ்சா... நம்ம லோரி வாசல் கம்பியே தாண்டாது அண்ணே. காத்து அடிச்சா நிக்குதா பாருங்க, நின்னா மெதுவா கீழ ஓட்டிட்டு வந்துருங்க, ஓப்பன் கார் பார்க்குல போட்டுட்டு கூப்பிடுங்க, நான் வந்து தூக்கிக்கிறேன்."

அவ்வளவு தான் விஷயம், ஆனா இந்த நாலு வரிக்குள்ள எல்லாமே இருக்கு. நம்ம மல்டி ஸ்டோரி வாசல்ல தொங்குற மஞ்சள் கம்பி ரெண்டு மீட்டர் சொச்சம் தான், காரை முழுசா மேல ஏத்திக்கிற ஃப்ளாட்பெட் லோரி அதுக்குள்ள நுழைய வாய்ப்பே இல்ல. பழைய காருன்னா முன் சக்கரத்தை மட்டும் தூக்கி பின்னாடி உருட்டிக்கிட்டே இழுத்துட்டுப் போயிருவாங்க, ஈவில அது ஆகாது, ஏன்னா சக்கரம் சுத்தினா மோட்டரும் சுத்தும், மோட்டர் சுத்தினா அது ஜெனரேட்டர் மாதிரி கரண்ட் உண்டாக்கும், இழுத்துட்டே போனா சூடாகி உள்ள இருக்குற சமாச்சாரம் எல்லாம் கெட்டுப்போகும், ரெண்டு பக்கமும் மோட்டர் இருக்கிற வண்டின்னா எந்தப் பக்கத்தைத் தூக்கினாலும் இன்னொரு பக்கம் மாட்டும். முழுசா காத்து போயிட்டா என்ன பண்ணுவீங்கன்னு அவர்கிட்ட அப்பறமா கேட்டேன். நாலு சக்கரத்துக்கு அடியிலயும் குட்டிச் சக்கரம் வெச்ச ட்ராலி மாட்டி, உயரம் கம்மியான சின்ன வண்டி ஒண்ணு வந்து, வளைஞ்சு வளைஞ்சு இறங்குற ரேம்ப்ல இஞ்ச் இஞ்ச்சா இறக்குவாங்களாம், அந்த வண்டி எல்லா கம்பெனிகிட்டயும் இல்லையாம், இருந்தாலும் காசு தனியாம். பேஸ்மென்ட் கார் பார்க் இருக்கிற காண்டோக்காரங்க சிரிக்காதீங்க, உங்களுக்கும் இதே கதி தான்.

சில பேர் நினைப்பாங்க, அஞ்சு மாடி தானே, காத்து இல்லாமயே மெதுவா உருட்டி இறங்கிடலாமேன்னு. 82 மில்லிமீட்டர் சுவர்ல அது நடக்காது. ரிம் ஓரம் ரப்பரை ரோட்டோட வெச்சு நசுக்கும், உள்பக்கம் அரைஞ்சு கறுப்புப் பொடியா கொட்டும், டயர் கடைக்காரர் கழட்டிப் பாத்து அந்தப் பொடியைக் கண்டா அதோட சரி, சின்ன ஓட்டையா இருந்தாலும் ஒட்டித் தர மாட்டாரு, தரவும் கூடாது. அதனால தான் சொல்றேன், சீலன்ட் பாட்டிலை விட ஒரு நல்ல கம்ப்ரஸர் முக்கியம். பேட்டரில ஓடுறது ஆன்லைன்ல நிறைய கிடைக்குது, ஆனா சின்ன டயருக்கு செஞ்சதை வாங்கிட்டு 275க்கு காத்து அடிக்கப் போனா பாதியில சூடாகி நின்னுரும், வாங்குறதுக்கு முன்னாடி பூஜ்யத்துல இருந்து 42 வரைக்கும் ஏத்துதான்னு பாத்து வாங்குங்க. எனக்கு அன்னிக்கு 31ல இருந்து 42க்கு ஏத்தினேன், அரை மணி நேரத்துல ரெண்டு இறங்குச்சு, சரி இது தாங்கும்னு கீழ கொண்டு வந்து லோரியே வேணாம்னுட்டு காலைல இன்னொரு தடவை காத்து அடிச்சு காக்கி புக்கிட்ல இருக்கிற டயர் கடைக்கு ஓட்டிட்டுப் போயிட்டேன். பஞ்சர்ல பத்துக்கு ஒன்பது இந்த மாதிரி மெதுவா கசியிற ரகம் தான்னு என் நினைப்பு, ஆப்புல நம்பர் தெரியிறதால முன்கூட்டியே பிடிக்க முடியுது, இந்த ஒரு விஷயத்துல ஈவிக்கு நன்றி சொல்லணும்.

சீலன்ட்டை ஏன் கடைசி ஆயுதமா வெச்சிருக்கேன்னா, ஃபோம். இந்த டயர்ல பல மாடலுக்கு உள்பக்கம் சுத்தி ஒரு பட்டை ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பாங்க. இன்ஜின் சத்தம் இல்லாத வண்டில டயருக்குள்ள இருக்கிற காத்து ஒரு இருநூறு ஹெர்ட்ஸ் வாக்குல உம்ம்ம்னு ரீங்காரம் போடுறது நல்லா கேக்கும், அதை அடக்கத் தான் அந்த ஸ்பாஞ்ச். காண்டினென்டல், பிரெல்லி, மிஷலின் எல்லாருமே ஆளுக்கொரு பேர் வெச்சு செய்றாங்க. இதுக்குள்ள சீலன்ட்டை அடிச்சா பாதிய ஸ்பாஞ்ச் உறிஞ்சிக்கும், ஜீராவுல ஊறின குலாப் ஜாமூன் தான் அப்பறம், டயர் பேலன்ஸும் போச்சு, கழட்டுறவர் கை சட்டை எல்லாம் பிசுபிசுன்னு, ப்ரஷர் சென்சாரையும் துடைச்சு எடுக்கணும். எக்ஸ்பிரஸ்வேல ராத்திரி நேரம் குடும்பத்தோட மாட்டிக்கிட்டா யோசிக்காம அடிங்க, அதுக்குத் தான் அது இருக்கு, அடிச்சுட்டு வேகத்தைக் குறைச்சு நேரா டயர் கடைக்குப் போங்க. வீட்டு கார் பார்க்குல நின்னுக்கிட்டு அடிக்காதீங்க. பாட்டில்ல தேதியும் பாருங்க, நம்ம ஊர் வெயில்ல பூட்ல கிடந்து எக்ஸ்பயரி தாண்டியிருந்தா தக்க சமயத்துல கை விட்டுரும்.

காக்கி புக்கிட்ல அங்கிள் கடை. நல்லவரு, ஆனா பெட்ரோல் கார்லயே வளர்ந்தவரு, ட்ராலி ஜாக்கை உருட்டிக்கிட்டு நேரா கதவுக்கு அடியில கொண்டு போனாரு. ஈவி வெச்சிருக்கிறவங்க அந்த நொடியில குறுக்க விழணும். அடியில பூரா பேட்டரி, தூக்குறதுக்குன்னு நாலே நாலு இடம் தான் குறிச்சிருப்பாங்க, அதை விட்டு ரெண்டு இஞ்ச் தள்ளி வெச்சாலும் பேட்டரி பெட்டி நசுங்கும், அதுக்கு ஆகுற செலவுல நாலு டயர் என்ன, நாற்பது டயர் வாங்கலாம். அதுக்குன்னு ரப்பர் பேட் வருது, ஜாக் பேட்னு கேட்டாலே தெரியும், தூக்குற ஓட்டையில மாட்டிட்டா ஜாக் நழுவாது. நான் நாலு பேட் பூட்லயே வெச்சிருக்கேன், எடுத்துக் கொடுத்தேன், அங்கிள் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஓ, திஸ் ஒன் குட் ஆ"னு ஒரு செட் எங்க வாங்கினேன்னு கேட்டுக்கிட்டாரு.

அப்பறம் வழக்கமான பேரம். வெளியில இருந்து கயிறு மாதிரி பிளக் சொருகினா கால் மணி நேரம், காசும் கம்மி. உள்ள இருந்து பேட்ச் வைக்கணும்னா டயரைக் கழட்டி, ஓட்டை இருக்கிற இடத்துல ஸ்பாஞ்சை வெட்டி எடுத்து, பசையைச் சுரண்டி, தேய்ச்சு, ஒட்டி, திரும்ப பேலன்ஸ் பண்ணணும். அங்கிளுக்கு அதுல இஷ்டமே இல்ல, "ஃபோம் ஒன் வெரி லேச்சே லா"ங்கிறாரு, ரொம்பத் தொல்லை பிடிச்ச வேலையாம். என் கட்சி பேட்ச் தான். கயிறு பிளக்ல வருஷக்கணக்கா ஓடுறவங்க இருக்காங்க, இங்க எக்ஸ்பிரஸ்வேல பெரும்பாலும் 90 தானே லிமிட்னு வாதாடுறாங்க, ஆனா வேகம் மட்டுமா, இந்த வண்டில ட்ராஃபிக் லைட்ல காலை வெச்ச உடனே முறுக்கு விசை முழுசா டயருக்குத் தான் போகுது, அதோட உள்ள கழட்டிப் பாத்தா தான் சுவர் நசுங்கியிருக்கான்னு தெரியும். ஆறு மில்லிமீட்டருக்கு மேல ஓட்டையா இருந்தாலோ, ஓரத்துல தோள் பக்கமா குத்தியிருந்தாலோ, சுவர்ல கிழிஞ்சிருந்தாலோ பேச்சுக்கே இடமில்ல, புது டயர் தான். வெட்டின ஸ்பாஞ்ச் துண்டைத் திரும்ப ஒட்டணுமான்னு கேட்டா, எனக்கு அந்த சத்த வித்தியாசம் தெரியல. காது கூர்மையானவங்களுக்குத் தெரியலாம்.

புது டயர்னா அங்க தான் அடுத்த கூத்து. டயர் சுவர்ல சின்னதா ஒரு குறி இருக்கும், டெஸ்லாவுக்கு டீ ஜீரோ, டீ ஒன்னு வரும், பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், டைகானுக்கு என்எஃப் ஜீரோ (NF0). அந்தந்த வண்டி எடைக்கும் சத்தத்துக்கும் ஏத்த மாதிரி செஞ்சதுன்னு அர்த்தம். அந்தக் குறியோட அதே சைஸ் கடைல இருக்கும்னு நம்பாதீங்க, அகலமான பின் டயருக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்கிறது தான் நடக்கும், ஒரு டயருக்கு நானூறு வெள்ளிக்கு மேல எடுத்து வெச்சுக்கணும். குறியை விட எனக்கு முக்கியமாப் படுறது லோட் இண்டெக்ஸ், டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற நம்பர், அதை மட்டும் குறைச்சு வாங்கிடாதீங்க. ஒண்ணு மாத்தணுமா ரெண்டா? ஒரே அச்சுல இடதும் வலதும் ஒரே டயரா, தேய்மானமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், அதனால பாதிக்கு மேல தேய்ஞ்சிருந்தா ஜோடியாத் தான் மாத்துவேன். ஆனா முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல ஷாஃப்ட் எதுவும் இல்லாததால பழைய ஆல் வீல் பெட்ரோல் கார் மாதிரி நாலையும் மாத்தணும்னு யாராவது சொன்னா ஏன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு அப்பறம் காசு எடுங்க. ஐயோனிக் 5 என் வெச்சிருக்கிற ஈசூன்ல இருக்கிற நண்பன் இந்த விஷயத்துல கொடுத்து வெச்சவன், நாலும் ஒரே 275/35, 21 இன்ச், எந்த டயரை எங்க வேணாலும் போடலாம். போட்டாக் டயரோட, அதாவது தேய்ஞ்சு மொட்டையான டயரோட ஓட்டுறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல, 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போனா சட்டப்படி குத்தம், அது தவிர மெலிஞ்ச ரப்பர்ல ஆணி இறங்குறதும் சுலபம்.

எக்ஸ்பிரஸ்வேல ஆனா? வித்தியாசமா இருக்கும், ஆனா அது தான் இருக்கிறதுலயே நிம்மதியான இடம். நிலப் போக்குவரத்து ஆணையம் எல்டிஏவோட, எக்ஸ்பிரஸ்வேயைக் கண்காணிக்கிற இமாஸ் லோரி வந்து பக்கத்துல குறிச்சு வெச்சிருக்கிற கார் பார்க் வரைக்கும் இலவசமா இழுத்து விட்டுரும், கேமரால பாத்துட்டு நாம கூப்பிடுறதுக்கு முன்னாடியே கூட வந்துருவாங்க, கேபிஇ, எம்சிஇ சுரங்கத்துக்குள்ள நின்னாலும் சரி. ஹஸார்ட் லைட் போட்டுட்டு, இறங்க முடிஞ்ச இடம்னா தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க, வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு டயரை போட்டோ எடுக்காதீங்க. ஆள் வந்த உடனே முதல் வார்த்தை "ஈவி, ரெண்டு மோட்டர்"னு சொல்லுங்க. ஸ்க்ரீன்ல டோ மோட், அதாவது வண்டியை இழுக்கும்போது போடுற செட்டிங், எங்க இருக்குன்னு வீட்டுல சும்மா இருக்கும்போதே ஒரு தடவை பாத்து வெச்சுக்குங்க, ஒவ்வொரு வண்டிலயும் ஒவ்வொரு மெனுவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவுல தான் எனக்கு பயம். எல்லை தாண்டுற சிங்கப்பூர் கார்ல டேங்க் முக்காலாவது நிரம்பியிருக்கணும்ங்கிற ரூல் ஈவிக்கு இல்லைன்னு சந்தோஷமா கிளம்பிடுறோம், மலேசியாவுக்குள்ள நுழையிற விஇபி பெர்மிட் ஒட்டியாச்சு, சார்ஜர் எங்கெங்க இருக்குன்னு மேப் போட்டாச்சு, மலாக்கா போய் சாப்பிட்டு வரலாம்னு. பிளஸ் ஹைவேல குழியில விழுந்தா 30 சீரிஸ் டயர்ல ஆணியே தேவையில்ல, சுவர்ல நரம்பு அறுந்து முட்டை மாதிரி புடைச்சுக்கும், அதை எந்தப் பேட்ச்சும் காப்பாத்தாது. பிளஸ் ரோந்து வண்டி வரும், உதவி பண்ணுவாங்க, ஆனா யோங் பெங்லயோ ஆயர் ஈத்தாம்லயோ ஞாயித்துக்கிழமை மத்தியானம் 275/30 ஆர் 20 வெச்சிருக்கிற கடையை எங்க தேடுறது? நம்ம பக்கத்து ரோட் சைட் எல்லை தாண்டி வருமா, எத்தனை கிலோமீட்டர் வரைக்கும்னு பாலிசியை இப்பவே எடுத்துப் படிங்க. என் மச்சான் ஒரு ஐடியா சொன்னாரு, பழைய பின் டயர் ஒண்ணு நல்ல நிலைமையில இருந்தா வெச்சுக்க, தூரமாப் போகும்போது பூட்ல போட்டுக்கோன்னு. வெச்சிருக்கேன். ஸ்டோர் ரூமா வெச்சிருக்கிற பாம் ஷெல்டர்ல அரிசி மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு, வீட்டுல தினமும் அதுக்கு எனக்குத் திட்டு, ரப்பர் நாத்தம் அடிக்குதாம், தீபாவளிக்கு முன்னாடி போகணுமாம்.

அதனால இப்ப யோசனை வேற பக்கம் போகுது. 90ல போற ஊர்ல 20 இன்ச் எதுக்கு? பாக்க அழகா இருக்கு, மறுக்கல, அந்த அழகுக்குத் தான் கார் பார்க் ரேம்ப் திண்டுல உரசி உரசி ரிம்முக்கு ஏற்கனவே மொய் எழுதியாச்சு. 19 இன்ச்சுக்கு இறங்கினா சுவர் கொஞ்சம் உயரும், கடைல டயர் சுலபமா கிடைக்கும், ரேஞ்சும் கொஞ்சம் கூடலாம். நாலு பக்கமும் ஒரே சைஸா போட்டா பின்னாடி பிடிமானம் கொஞ்சம் குறையும், அது எனக்குப் பரவாயில்ல, நான் என்ன செப்பாங் ரேஸ் ட்ராக்லயா ஓட்டப் போறேன். டயர் பாடியை விட்டு வெளிய துருத்தாம இருக்கணும், லோட் இண்டெக்ஸ் குறையக்கூடாது, இன்சூரன்ஸ்ல ஒரு வார்த்தை சொல்லணும், இது வரைக்கும் தெளிவு. பெரிய ப்ரேக் காலிப்பர் 19 இன்ச் ரிம்முக்குள்ள உரசாம உக்காருமா, எந்த ரிம் டிசைன்ல உக்காரும், அங்கிள் "கேன் லா"ன்னு சொல்றாரு, அவர் எல்லாத்துக்கும் தான் கேன் லாங்கிறாரு. நிஜமா மாட்டி ஓட்டுறவங்க இருந்தா ரிம் பேரையும் ஆஃப்செட்டையும் சொல்லுங்க, மாசக் கடைசில போய் பாக்கலாம்னு இருக்கேன்.